அளத்துக்கு வர்ற டாக்டர்

நம்புங்கள் என்று உங்களைக் கேட்கப் போவதில்லை. பதினான்கு வருஷமாக மனநல நர்ஸாக வேலை பார்க்கிறேன். "மத்தவங்க கண்ணுக்குத் தெரியாத யாராவது உங்க கண்ணுக்குத் தெரியறாங்களா?" என்று ஆயிரம் பேரிடமாவது கேட்டிருப்பேன். ஆமாம் என்று சொன்னவர்களின் ஃபைலில் நான் என்ன எழுதினேன் என்பது எனக்குத் தெரியும். அதனால் இதைச் சொல்வதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை. நஷ்டம்தான்.

ஆனாலும் நடந்தது. 2024-ஆம் வருஷம், மார்ச் 12-ஆம் தேதி ஆரம்பித்து ஏப்ரல் 2-ஆம் தேதி வரை. மரக்காணம் உப்பளத்தில். ராத்திரியில் இல்லை... பட்டப்பகலில்.

என் பெயர் சத்யப்ரியா. வீடு பொம்மையார்பாளையம். ஒரு சின்ன மனநல கிளினிக்கில் வேலை. கிளினிக் பெயர் வேண்டாம். மாதத்தின் இரண்டாவது, நான்காவது செவ்வாய்க்கிழமைகளில் ஸ்கூட்டியில் மரக்காணம் போவேன். வீடு வீடாக ஏறி மாத்திரை கொடுப்பேன், ஊசி போடுவேன். தூங்குகிறார்களா, சாப்பிடுகிறார்களா என்று விசாரித்து ஃபைலில் எழுதுவேன். கிளினிக்கில் ஒரே டாக்டர், பாலகுரு சார். நான் எழுதிக்கொண்டு வருவதைப் பார்த்துத்தான் அவர் மருந்தைக் கூட்டுவார், குறைப்பார்.

அஞ்சம்மாள் என்னுடைய பழைய பேஷண்ட். ஐம்பத்திரண்டு வயது. உப்பு வாருகிற வேலை. எட்டு வருஷத்துக்கு முன்னால், யாரோ கூப்பிடுகிற குரல் கேட்டது என்று விடியற்காலையில் எழுந்து போய்க் கால்வாயில் இறங்கிவிட்டார். கழுத்தளவுத் தண்ணீரில் நின்றவரை அளத்து ஆட்கள் பிடித்து இழுத்தார்கள். அதற்குப் பிறகு மாத்திரை. ஒரு வேளை விட்டதில்லை. "மாத்திரை இருந்தாத்தான் நான் நானு, சிஸ்டர்" என்று அவரே சொல்வார்.

மார்ச் 12. காலை 11:15. அஞ்சம்மாக்கா வேலை முடிந்து வீட்டில் இருந்தார். காலில் முழங்கால் வரை உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. பின்கழுத்தைச் சுற்றி ஒரு ஈரத் துண்டு கட்டியிருந்தார்.

மாத்திரையை நீட்டினேன். வாங்கவில்லை.

"வேணாம் சிஸ்டர். டாக்டரு நிறுத்தச் சொல்லிட்டாரு."

"எந்த டாக்டர்? பாலகுரு சாரா?"

"அவரு இல்ல. அளத்துக்கு வர்றவரு."

போன தடவை கொடுத்த ஸ்டிரிப் அலமாரியில் அப்படியே இருந்தது. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை.

துண்டை அவிழ்த்துப் பார்த்தேன். பிடரியில், உள்ளங்கை அகலத்துக்கு முடியை மழித்திருந்தது. அந்த இடம் முழுக்கக் கொப்புளம். வெந்நீர் பட்ட கொப்புளம் ஏறுமாறாக இருக்கும். இது அப்படி இல்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி... சதுரம். நான்கு மூலையும் சரியாக இருந்தது.

"வலிக்குதாக்கா?"

"வலிச்சாத்தான் கெட்டது எறங்கும்னாரு."

அவர் பேசும்போது வாயிலிருந்து ஒரு வாசனை வந்தது. ரொம்பக் கனிந்துபோன முலாம்பழ வாசனை. முலாம்பழம் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார்.

முதலில் நான் சந்தேகப்பட்டது யாரைத் தெரியுமா? மகள் சரண்யாவை. இருபத்து நான்கு வயது. மரக்காணம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு துணிக்கடையில் வேலை. அம்மாவை வைத்துப் பார்த்து அலுத்துப் போய், எவனோ பூசாரி சொன்னான் என்று சூடு வைத்துவிட்டாளா? இந்த வேலையில் இதெல்லாம் பார்த்திருக்கிறேன். கடைக்கே போய்த் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது.

"நான் சூடு வச்சேன்னு நெனைக்கிறீங்களா சிஸ்டர்? நீங்க அனுப்பின டாக்டருன்னுதான் நான் நெனைச்சிட்டு இருக்கேன். பேரு, வயசு, யாரு கூட்டிட்டு வந்ததுன்னு எல்லாம் கேட்டு பெரிய நோட்டுல எழுதிக்கிறாராம். நீங்களும் அப்டித்தான எழுதுறீங்க?"

"நீ அவரைப் பார்த்தியா?"

"இல்ல. அம்மா சொல்லும்."

நான் நம்பவில்லை. ஆனால் அவள் பொய் சொன்ன மாதிரியும் தெரியவில்லை.

மதியம் 3:40-க்குப் பாலகுரு சாரிடம் போட்டோவைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். இரண்டு விரலால் பெரிதாக்கினார். ஒரே நொடியில் சொல்லிவிட்டார்.

"இது கொப்புளப் பிளாஸ்டர்."

"அப்டின்னா?"

"ஒரு வகை வண்டைக் காயவச்சு அரைச்சு, மெழுகுல கலந்து துணியில தடவி ஒட்டுவாங்க. நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி பைத்தியக்கார ஆஸ்பத்திரிங்கள்ல இதுதான் வைத்தியம். மூளையில இருக்கிற சூடு கொப்புளம் வழியா வெளிய வந்துரும்னு நம்பினாங்க. தலையை மழிச்சிருவாங்க. ஒசரத்துல இருந்து தலையில தண்ணி ஊத்துவாங்க, மணிக்கணக்கா. கத்தினா குளோரல்னு ஒரு மருந்து... குடிச்சா அசந்து தூங்கிருவாங்க."

"அது என்ன வாசனை வரும் சார்?"

"குளோரலா? கனிஞ்ச பழம் மாதிரி இருக்கும்னு படிச்சிருக்கேன். ஏன்?"

சொன்னேன். அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இப்ப யாரும் இதைத் தயாரிக்கிறதே இல்ல சத்யா. எவனோ போலி டாக்டர். ஏதோ பழைய புஸ்தகத்தைப் படிச்சிட்டு ஏழைங்க மேல சோதனை பண்றான். ஆள் யாருன்னு கண்டுபிடிங்க. போலீஸ்ல கொடுத்துரலாம்."

அஞ்சம்மாக்கா ஃபைலில் அன்று நான் இப்படி எழுதினேன்: மருந்தை மறுக்கிறார். அளத்தில் ஒரு டாக்டர் வருவதாகச் சொல்கிறார். தன் நோயை உணரவில்லை.

மார்ச் 26. அடுத்த விசிட். அஞ்சம்மாக்கா அன்றும் மாத்திரையை வாங்கவில்லை. மண்ணாங்கட்டி என்று ஒரு பேஷண்ட். அறுபது தாண்டியவர். அளத்தின் தெற்குக் கோடியில் காவல்காரர். கூனிமேட்டுப் பக்கம் தனியாகக் குடிசை போட்டு இருந்தார். அஞ்சம்மாக்கா வேலை செய்வது வடக்குக் கோடியில். இரண்டு பேருக்கும் பேச்சுப் பழக்கமே கிடையாது.

காலை 10:50. மண்ணாங்கட்டி வெளியில் வந்தார். கழுத்தில் ஈரத் துண்டு.

போய் அதை அவிழ்த்துப் பார்த்தேன்.

அதே சதுரம். அதே அளவு. அதே வாசனை.

"எப்ப வர்றாருண்ணே?"

"வேலை முடிஞ்சு எல்லாரும் போனப்பறம். பன்னண்டு அடிச்சு."

"எங்க?"

"பழைய உப்பு குடோன்ல."

"ஆள் எப்டி இருப்பாரு?"

"வெள்ளைக் கோட்டு. கறுப்புக் குடை. காலுல பூட்ஸு. தமிழ்தான் பேசுவாரு. ஆனா நம்ம பேச்சு இல்லம்மா. புஸ்தகம் படிக்கிறாப்ல இருக்கும்."

"மூஞ்சி?"

மண்ணாங்கட்டி யோசித்தார்.

"எழுதிக்கினே இருப்பாரு. தலை தூக்க மாட்டாரு."

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே எண்ணம். இந்த இரண்டு பேரும் மனநல பேஷண்ட் என்று அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? மரக்காணத்தில் யார் யார் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்ற லிஸ்ட் இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. ஒன்று நான். இன்னொன்று... பாலகுரு சார்.

போட்டோவைப் பார்த்த ஒரே நொடியில் அவருக்கு எப்படித் தெரிந்தது? அவருடைய ரூமில் பழைய மருத்துவப் புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. அன்று அவர் லீவு. கிளினிக்கில் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். கடந்த ஒரு மாதத்தில் நான்கு நாள் லீவு. எங்கே போகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் நேராகவே கேட்டேன். "சார், நேத்து எங்க போனீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

"ரெண்டு பேருமே உங்க பேஷண்ட்தான் இல்ல, சத்யா? ரெண்டு காயத்தையும் முதல்ல பார்த்தது நீங்கதான்."

அதற்குப் பிறகு நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. நான் அவரைச் சந்தேகப்பட்டேன். அவர் என்னைச் சந்தேகப்பட்டார். ஒரே ரூமில் உட்கார்ந்து ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏப்ரல் 2, செவ்வாய்க்கிழமை. கூனிமேட்டில் ஒரு முகாமில் இருந்தேன். 11:20-க்கு சரண்யா போன் பண்ணினாள்.

"சிஸ்டர், அம்மா இன்னும் வீட்டுக்கு வரலன்னு பக்கத்து வீட்டுல போன் பண்ணாங்க. கூட வேலை செஞ்சவங்க எல்லாம் பத்தரைக்கே வந்துட்டாங்க. நாலு நாளா யாருகிட்டயும் பேசல. சாப்பிடல. எனக்கு பயமா இருக்குது."

எனக்குக் கால்வாய்தான் ஞாபகம் வந்தது. மாத்திரை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கழுத்தளவுத் தண்ணீர்...

"நீ கடையில சொல்லிட்டு வா. நான் போறேன்."

11:52. ஸ்கூட்டியை அளத்து ரோட்டு முனையில் நிறுத்தினேன். அதற்கு மேல் வரப்புதான். நடந்துதான் போக வேண்டும்.

மத்தியான நேரத்து உப்பளத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கண்ணைத் திறக்க முடியாது. பாத்தி எல்லாம் வெள்ளை. குவித்து வைத்த உப்பு வெள்ளை. வானமே வெள்ளையாக இருக்கும். மனிதர்கள் இல்லை. விடியலில் வந்தவர்கள் வெயில் ஏறும் முன்னால் போய்விடுவார்கள். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அன்று காற்றே இல்லை. கீற்று போட்டு மூடிய உப்புக் குவியலில் ஒரு ஓலைகூட அசையவில்லை.

வரப்பில் காலடித் தடம் இருந்தது. செருப்பில்லாத கால். அஞ்சம்மாக்காவுடையதுதான், இடது காலில் சுண்டு விரல் கிடையாது. அந்தத் தடம் கால்வாய்ப் பக்கம் போகவில்லை. பழைய குடோன் பக்கம் போனது.

அந்த ஒரு ஜோடித் தடம்தான். பூட்ஸ் தடம் எதுவும் இல்லை.

12:04. போனில் ரெக்கார்டிங்கை ஆன் பண்ணி, சுடிதார் பாக்கெட்டில் போட்டேன். அந்த ஆள் பேசுவதைப் பதிவு செய்தால் போலீஸுக்கு ஆதாரம். பாலகுரு சாராக இருந்தால்... அதற்கும் ஆதாரம்.

குடோன் என்பது நான்கு சுவர்தான். கூரை எப்போதோ போய்விட்டது. ஒரு பக்கம் கதவில்லாத வாசல். ஐம்பதடி தூரத்தில் இருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. 12:09.

தண்ணீர் ஊற்றுகிற சத்தம்.

நிற்காமல்... ஒரே சீராக... உயரத்திலிருந்து.

அங்கே குழாய் கிடையாது. கிணறு கிடையாது. குடிக்கிற தண்ணீரைக்கூட அளத்து ஆட்கள் ஊரிலிருந்து கேனில் கொண்டு வருவார்கள்.

வாசலுக்குள் எட்டிப் பார்த்தேன்.

உள்ளே நிழலாக இருந்தது. கூரை இல்லை. சூரியன் உச்சியில். ஆனாலும் நிழல். உடம்பு சில்லிடுகிற நிழல்.

அஞ்சம்மாக்கா ஒரு கல் மேல் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் முட்டி மேல். கண் திறந்திருந்தது. உச்சந்தலையில் விரல் தடிமனில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. எங்கிருந்து விழுகிறது என்று அண்ணாந்து பார்த்தேன். மேலே வெறும் வானம்.

அவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள். எனக்கு முதுகு காட்டி நின்றார். விரித்த கறுப்புக் குடையைத் தோளில் சாய்த்திருந்தார். வெள்ளைக் கோட்டு. பூட்ஸ் பளபளவென்று இருந்தது. உப்பளத்தில் பத்தடி நடந்தாலே கால் வெள்ளையாகிவிடும். அந்த பூட்ஸில் ஒரு பொட்டு உப்பு இல்லை.

பாலகுரு சார் ஐந்தடி நான்கு அங்குலம். இந்த ஆள் ஆறடிக்கு மேல்.

அஞ்சம்மாக்கா பக்கத்தில் போய் நின்று, "யாருய்யா நீ?" என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர் கேட்டார். திரும்பவில்லை.

"பெயர்?"

"சத்யப்ரியா."

நான் சொல்ல நினைக்கவில்லை. வாய் சொல்லிவிட்டது.

"வயது?"

"முப்பத்தெட்டு."

"அழைத்து வந்தவர் யார்?"

"யாரும் கூட்டிட்டு வரல. நான் நர்ஸ். இவங்க என் பேஷண்ட்."

கர்... கர்... பேனா காகிதத்தில் உரசுகிற சத்தம். எழுதிக்கொண்டே, எழுதியதை வாய்விட்டுப் படித்தார்.

"தன்னைத் தாதி என்று சொல்லிக்கொள்கிறாள்."

"நீங்க யாரு? உங்க ரெஜிஸ்டர் நம்பர் என்ன?"

கர்... கர்...

"பரிசோதிப்பவரைச் சந்தேகிக்கிறாள்."

"இப்ப போலீஸுக்குப் போன் பண்றேன்." போனை வெளியே எடுத்துக் காட்டினேன்.

கர்... கர்...

"கையில் ஒரு கண்ணாடித் துண்டு. அது பிறரிடம் பேசும் என்கிறாள்."

நான் எதைச் சொன்னாலும் அது வேறு ஒன்றாக மாறி அந்த நோட்டுக்குள் போகிறது. கத்தினால் கத்துகிறாள் என்று எழுதுவார். அழுதால் அழுகிறாள். வாயை மூடிக்கொண்டேன்.

கர்... கர்...

"காரணமின்றி மௌனம்."

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அஞ்சம்மாக்கா உதடு நீலமாக இருந்தது.

அந்த ஆள் இன்னும் ஒரு வரி எழுதினார். நிதானமாக. படித்தார்.

"தன் நோயை உணரவில்லை."

அந்த வரி... என்னுடைய வரி.

நோட்டு மூடுகிற சத்தம்.

குடை மடங்குகிற சத்தம்.

நான் கண்ணைச் சிமிட்டினேன். அவ்வளவுதான். எதிரே யாரும் இல்லை.

முலாம்பழ வாசனை.

எனக்குப் பின்னால்.

ஏதோ ஒன்று என் பின்னலைத் தூக்கியது. மெதுவாக. பழக்கப்பட்ட கை மாதிரி. விரல் ஐஸ் மாதிரி இருந்தது.

சர்க்...

கத்தி.

பிடரியில்.

அஞ்சம்மாக்கா கையைப் பிடித்தேன்.

இழுத்தேன்.

ஓடினேன்.

வரப்பில் எங்கே கால் வைத்தேன், எத்தனை தடவை விழுந்தேன், தெரியாது. திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்கூட்டி பக்கம் வந்து நின்றபோது மணி 12:41. சரண்யா ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எங்க சிஸ்டர் குளிச்சீங்க?"

அப்போதுதான் கவனித்தேன். அஞ்சம்மாக்கா தலைமுடி உலர்ந்திருந்தது. புடவை உலர்ந்திருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நாக்கில் பட்டது. உப்புக் கரிக்கவில்லை. நல்ல தண்ணீர்.

சரண்யா என் பின்னால் வந்தாள்.

"சிஸ்டர்... பின்னாடி முடி..."

கை வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல் அகலத்துக்கு மழமழவென்று இருந்தது.

சாயங்காலம் 5:30. கிளினிக். ரெக்கார்டிங்கைப் பாலகுரு சாரிடம் போட்டுக் காட்டினேன். முப்பத்தேழு நிமிஷம். அவர் பொறுமையாக முழுவதும் கேட்டார்.

தண்ணீர் சத்தம் இல்லை. பேனா சத்தம் இல்லை. அந்தக் குரல் இல்லை.

என் குரல் மட்டும் இருந்தது. "சத்யப்ரியா." அமைதி. "முப்பத்தெட்டு." அமைதி. "யாரும் கூட்டிட்டு வரல. நான் நர்ஸ்." அமைதி. பிறகு மூச்சு வாங்க ஓடுகிற சத்தம்.

பிடரியைக் காட்டினேன். பார்த்தார்.

"பிளேடு ஏதாவது கையில வச்சிருந்தீங்களா?"

"இல்ல சார்."

"சரியா தூங்குறீங்களா, சத்யா?"

இந்தக் கேள்வியை நான் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன். கேட்கப்படுகிறவர் எப்படி உணர்வார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என்ன பதில் சொன்னாலும் தப்பாகிவிடும் என்று தெரிந்தது. "தூங்குறேன் சார்" என்றேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

கர்... கர்...

"என்ன எழுதுறீங்க சார்?"

"ஒண்ணுமில்ல. பதினஞ்சு நாள் லீவு எடுத்துக்கோங்க."

அந்தத் தாளை நான் இதுவரை பார்க்கவில்லை.

அஞ்சம்மாக்கா மறுபடியும் மாத்திரை சாப்பிட ஆரம்பித்தார். இரண்டு வாரத்தில் பேச ஆரம்பித்தார். அளத்து வேலையை விடச் சொல்லி, சரண்யா அவரைத் தன் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கச் சேர்த்துவிட்டாள். அந்த டாக்டரைப் பற்றிக் கேட்டால் அக்கா வேறு பேச்சுப் பேசுவார். சரண்யா என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆனால் நான் வீட்டுக்குப் போகும்போது அம்மாவையும் என்னையும் தனியாக விடுவதில்லை. அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் அவளைச் சந்தேகப்படவில்லையா?

மண்ணாங்கட்டி மட்டும் மாத்திரையைத் தொட மறுத்துவிட்டார். ஜூன் 11-ஆம் தேதி பார்க்கப் போனேன். குடிசைக்குள் போகவில்லை. வாசலிலேயே நின்றேன். ரொம்ப அமைதியாக இருந்தார். கழுத்தில் ஈரத் துண்டு.

கிளம்பும்போது கூப்பிட்டார்.

"ஏம்மா, டாக்டரு உன்னைக் கேட்டாரு."

நான் திரும்பவில்லை.

"வைத்தியம் பாதியில நிக்குதாம். அந்தப் பொண்ணு ஏன் எழுந்து போயிட்டான்னு கேட்டாரு. வரச் சொன்னாரு."

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து விசிட்டை வேறு ஒருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் மாதம். ஒரு நாள் மதியம் பாலகுரு சார் என் மேஜைக்கு வந்தார். ஏப்ரலுக்குப் பிறகு அவராக வந்து பேசியது அன்றுதான். முதலில் தன் லீவைப் பற்றிச் சொன்னார். அவருடைய அம்மாவுக்குக் கேன்சர். யாரிடமும் சொல்லாமல் சிகிச்சைக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தாராம். எனக்குத் தலை குனிந்தது.

"உங்களை நம்பாததுக்கு நானும் மன்னிப்புக் கேக்கணும்" என்றார். "நம்பறேனான்னு கேட்டா... தெரியல."

அவருக்கு ஒரு நண்பர் இருந்தார். இன்று இல்லாத ஒரு பழைய பைத்தியக்கார ஆஸ்பத்திரியின் நோயாளிப் பதிவேடுகளை ஸ்கேன் செய்கிற வேலையில் இருந்தவர். அந்தப் போலி டாக்டர் அங்கே வந்து பழைய புத்தகங்களைப் பார்த்துப் படித்துக்கொண்டு போயிருப்பானோ என்ற சந்தேகத்தில், மரக்காணத்திலிருந்து யாராவது வந்தார்களா என்று சார் அவரிடம் விசாரித்திருக்கிறார். யாரும் வரவில்லை. ஆனால் மரக்காணம் என்ற பெயர் ஒரே ஒரு பக்கத்தில் இருக்கிறது என்று நண்பர் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்.

இங்கிலீஷில், சாய்ந்த கையெழுத்து. சார் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"1881 ஜூன். ஆண். வயசு முப்பது இருக்கலாம். நல்ல உயரம். மரக்காணம் உப்பளத்துக் காவல் சேவகர்."

பெயரும் இருந்தது. நான் அதைச் சொல்லமாட்டேன். சொன்னால் உங்களில் யாராவது கூப்பிட்டுப் பார்ப்பீர்கள்.

"தலை மழிக்கப்பட்டது. பிடரியில் கொப்புளப் பிளாஸ்டர். காலையும் மாலையும் தலையில் குளிர்ந்த நீர். இரவில் குளோரல். பலன் இல்லை. மறுபடியும் பிளாஸ்டர்."

பிளாஸ்டர் போட்ட தேதிகள் மட்டும் பதினாலு இருந்தன. நாலு வருஷம்.

"தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொள்கிறான். மற்ற நோயாளிகளிடம் பெயரும் வயதும் கேட்கிறான். எழுத ஒரு நோட்டு வேண்டும் என்று தினமும் கேட்கிறான். கொடுக்கப்படவில்லை. தன் நோயை உணரவில்லை."

சார் அங்கே நிறுத்தினார். போனை என்னிடம் கொடுத்தார். கடைசிப் பகுதியை நானே படித்தேன்.

1885, மே 3. பகல் பன்னிரண்டு மணி. நோயாளியைக் காணவில்லை. ஆஸ்பத்திரி உதவியாளர் ஒருவரின் வெள்ளைக் கோட்டும் பூட்ஸும் குடையும், மேஜை மேல் இருந்த, நோயாளிக் குறிப்பு எழுதும் ஒரு கேஸ் புத்தகமும் காணவில்லை. தேடப்பட்டது. கிடைக்கவில்லை.

பக்கத்தின் அடியில் இரண்டு கட்டங்கள். விடுவிக்கப்பட்ட தேதி... ஒன்றும் எழுதவில்லை. இறந்த தேதி... ஒன்றும் எழுதவில்லை.

ஓரத்தில் வேறு மையில் சின்னதாக ஒரு குறிப்பு. காணாமல் போன அந்தப் புத்தகத்தைப் பற்றி.

புதியது. இருநூறு பக்கம். ஒரு பக்கம்கூட எழுதப்படாதது.